மந்திரம் கரையில்... கயிறு யார் கையில்?

மதுரை, கோ.புதூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

"மகள் காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். டாக்டர் ஆகணும்னு ரெண்டு வருஷம் ராப்பகலா படிச்சா. சீட் கிடைக்கலை. வேற படிப்பில் சேர்த்தோம். அதிலிருந்து வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது கடல் மந்திரம், கடல் சூனியம் என்று ஆன்லைனில் இங்கிலீஷ் புத்தகமாக வாங்கிக் குவிக்கிறாள். பௌர்ணமி அன்றைக்கு மொட்டை மாடியில் ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீரும் நாலு சிப்பியும் வைத்திருந்தாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அவங்க அப்பா எல்லாப் புத்தகத்தையும் பழைய பேப்பர் கடையில் போடப் போகிறேன் என்று நிற்கிறார். நம் பக்கத்தில் இப்படியெல்லாம் உண்டா? படிக்க விடலாமா, கூடாதா?"

கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால், இரண்டாவதற்கும் பாதி பதில் வந்துவிடும். அதனால் முதலில் நம் கடலுக்குப் போய்வருவோம். கோ.புதூரிலிருந்து கடல் பக்கத்தில் இல்லைதான். ஆனால் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினால் மூன்று மணி நேரம்.

அந்தப் புத்தகங்களில் என்ன இருக்கிறது?

மேலை நாடுகளில் இது இப்போது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. சாண்ட்ரா கைன்ஸ் எழுதிய 'ஸீ மேஜிக்' 2008-ல் வந்தது. ஆன்வின் ஆவலான் எழுதிய 'வாட்டர் விட்ச்கிராஃப்ட்' 2019-ல் வந்தது. இந்த வரிசையில் இன்னும் பல உண்டு. 'விட்ச்' என்றதும் துடைப்பத்தில் பறக்கும் கிழவியை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இந்த வகைப் புத்தகங்களில் இருப்பது நிலவு, ஓதம், உப்பு, சிப்பி, சங்கு, கரை ஒதுங்கிய கட்டை. கடல் ஏறும்போது வேண்டியதைக் கேள், வற்றும்போது வேண்டாததை விடு என்கிற மாதிரியான சடங்குகள். கூடவே கொஞ்சம் தியானம், கொஞ்சம் புராணம்.

இதைப் படித்ததும் 'இதிலென்ன புதுசு?' என்று உங்களுக்குத் தோன்றினால், அது நியாயம்தான். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுகிறோம். பூஜை அறையில் வலம்புரிச் சங்கு வைக்கிறோம். வெள்ளிக்கிழமை பார்த்து உப்பு வாங்குகிறோம். பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு முகம் வாடி வந்தால் உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போடுகிறோம்.

அம்மா உப்பு சுற்றிப் போட்டால் பாசம், மகள் உப்புத் தண்ணீர் வைத்தால் சூனியமா? இந்தக் கேள்வியை அவள் உங்களிடம் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன்.

கடலைக் கட்டியவர்கள்

சரி, நம் பக்கத்தில் கடல் மந்திரம் உண்டா? உண்டு. சும்மா கதையாக இல்லை. சம்பளம் வாங்கிய உத்தியோகமாகவே இருந்தது. அந்த உத்தியோகத்தின் பெயர் 'கடல்கட்டி'.

தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் நடுவே இருக்கும் மன்னார் வளைகுடாதான் முத்துக்குளிப்பின் தாய்வீடு. பாண்டியர்களின் செல்வத்தில் பெரும்பங்கு இந்தக் கடலிலிருந்து வந்தது. கொற்கைத் துறைமுகத்து முத்துதான் மதுரையின் பெயரை ரோம் வரைக்கும் கொண்டுபோனது. அந்த முத்தை எடுக்க ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலின் அடிக்குப் போக வேண்டும். அங்கே சுறா இருக்கும். அந்தச் சுறாவின் வாயைக் கட்டுவதுதான் கடல்கட்டியின் வேலை.

இதைப் பற்றி எழுதிவைத்தவர்களில் பலருக்கும் தெரிந்த பெயர் மார்க்கோ போலோ. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்துபோனவர். முத்தெடுக்கும் வியாபாரிகள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். நூறு முத்து எடுத்தால் பத்து அரசனுக்கு, ஐந்து மந்திரக்காரருக்கு! அரசனின் பங்கில் சரிபாதி.

அவர் சொல்லும் இன்னொரு விஷயம்தான் சுவாரஸ்யம். அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தானாம். சாயங்காலம் ஆனதும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரியில் சுறா தன் இஷ்டம்போல் திரியலாம்.

ஏன் அவிழ்க்க வேண்டும்? இருபத்து நாலு மணி நேரமும் கட்டிவைத்தால் என்ன? கொஞ்சம் யோசித்தால் புரியும். ராத்திரியில் கள்ளத்தனமாக முத்துக்குளிக்க யாராவது இறங்கினால்? 'மந்திரம் அவிழ்ந்திருக்கிறது, சுறா சுற்றுகிறது' என்ற ஒரு பேச்சு போதும். கடலுக்குப் பூட்டுப் போட முடியாது, காவலாளியும் வைக்க முடியாது. பயத்தைத்தான் காவலுக்கு வைக்க முடியும். இந்த மந்திரம் பகலில் தைரியம் கொடுத்தது, ராத்திரியில் வாட்ச்மேன் வேலை பார்த்தது.

சுறாவுக்குத் தெரியும்!

போர்த்துக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். மந்திரத்தை நம்பாதவர்கள்தான். ஆனால் கடல்கட்டியை யாராலும் வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை.

ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1803-ல் இலங்கை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். படகுகள் போய்த் திரும்பும்வரை மந்திரக்காரர்கள் கரையில் நின்று முணுமுணுத்தபடியே இருக்க வேண்டும், அதுவரை அன்னம் தண்ணீர் தொடக்கூடாது, தொட்டால் மந்திரம் பலிக்காது என்று எழுதிவிட்டு, கூடவே இன்னொன்றும் சொல்கிறார். சில பேர் விரதத்தை விட்டுவிட்டுக் கள்ளைக் குடித்து, நிற்க முடியாத அளவுக்குப் போய்விடுவதும் உண்டாம்.

1845 முதல் 1850 வரை இலங்கையில் பெரிய பதவியில் இருந்த எமர்சன் டென்னென்ட் சொல்லும் கதை இதைவிட ருசியானது. மன்னார் பக்கத்தில் இருக்கும் அரிப்பு என்ற ஊரில், இந்த வேலை ஒரே குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாக இருந்தது. கடல்கட்டிக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. அதுபோக, ஒவ்வொரு படகிலிருந்தும் தினம் பத்துச் சிப்பி அவருக்கு வந்து சேரும். அப்போது இருந்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர்! மந்திரத்துக்கு மதம் தடையாகவே இல்லை.

டென்னென்ட் போன சமயம் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆளிடம் விசாரித்தால், 'அந்த ரகசிய மந்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் நான் அவருடைய ஆளாக வந்திருக்கிறேன் என்பது சுறாக்களுக்குத் தெரியும், மரியாதை கொடுக்கும்' என்ற மாதிரி பதில் சொன்னாராம்!

இலங்கை முத்துக்குளிப்பு பற்றிய ஆங்கிலேயர் குறிப்புகளில் இன்னும் சில துணுக்குகள் இருக்கின்றன. கடல்கட்டி ஓர் அறையில் பித்தளைப் பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, அதில் வெள்ளியில் செய்த இரண்டு மீன்களைப் போட்டிருப்பார். ஒன்று ஆண், ஒன்று பெண். கடலில் யாரையாவது சுறா கடித்தால், இங்கே ஒரு மீன் இன்னொன்றைக் கடிக்குமாம். 'அவ்வளவு சக்தி இருந்தால் ஒரு சுறாவை இந்தப் படகுக்குப் பக்கத்தில் வரவையுங்கள், பார்க்கலாம்' என்று ஓர் அதிகாரி சீண்டியதற்கு, 'சுறாவை விரட்டுவதுதான் என் வேலை. கூப்பிடுவது முறையில்லை' என்று பதில் வந்திருக்கிறது. எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாகும் பதில்!

இந்தச் செய்தி ஐரோப்பாவின் கற்பனையையும் தொட்டது. 1863-ல் பாரிஸில் அரங்கேறிய பிஸேயின் 'முத்துக்குளிப்பவர்கள்' என்ற இசை நாடகம் இலங்கைக் கரையில்தான் நடக்கிறது. அதில் முகத்திரை போட்ட ஒரு பெண், கடலில் இறங்கியவர்களைத் தீய சக்திகள் அண்டாமல் இருக்கக் கரையில் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். கள் குடித்துச் சாய்ந்தவர்கள் பாரிஸ் போனதும் அழகான பூசாரிணி ஆகிவிட்டார்கள்!

அரசாங்கம் ஏன் காசு கொடுத்தது?

இவ்வளவு கேலியாக எழுதியவர்களே ஏன் சம்பளமும் கொடுத்தார்கள்? காரணம் எளிது. கடல்கட்டி இல்லையென்றால் ஒருத்தரும் கடலில் இறங்க மாட்டார்கள். முத்துக்குளிப்பு வருஷம் முழுக்க நடப்பதில்லை. காற்று அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும் சில வாரங்கள்தான். மாசி, பங்குனி வந்தால் உண்டு, விட்டால் போச்சு. நூற்றுக்கணக்கான படகுகள், ஆயிரக்கணக்கான ஆட்கள், வெளியூர் வியாபாரிகள் எல்லாரும் கரையில் காத்திருக்கும்போது, 'எங்களுக்குப் பயமாயிருக்கு' என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் கஜானாவுக்கு நஷ்டம். அதோடு ஒப்பிட்டால் கடல்கட்டியின் சம்பளம் கொசுறு.

அந்தக் கடலில் சுறாவால் விபத்து நடந்தது அபூர்வம் என்றும் டென்னென்ட் எழுதுகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் மந்திரம் இல்லை. அத்தனை படகும் அத்தனை ஆளும் சேர்ந்து போடும் சத்தத்துக்கே சுறா மிரண்டு விலகிவிடும் என்பது அவர் கணிப்பு. அப்படியானால் கடல்கட்டி என்ன செய்தார்? எல்லாரையும் ஒரே நேரத்தில், தைரியமாக இறங்கவைத்தார். எல்லாரும் இறங்கியதால் சத்தம், சத்தத்தால் பாதுகாப்பு. சுறாவைக் கட்டினாரோ இல்லையோ, மனிதனின் பயத்தைக் கட்டினார்.

நம் பழைய மந்திர நூல்களில் 'அட்டகர்மம்' என்று எட்டு வகை வேலைகள் சொல்வார்கள். அதில் ஒன்று தம்பனம். அசையாமல் நிறுத்துவது, கட்டுவது. பாம்பு, நாய், நரியின் வாயைக் கட்டும் 'வாய்க்கட்டு' பற்றிக் கிராமங்களில் இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். மதுரை புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடைகளில் பாடப் புத்தகங்களுக்கு நடுவே 'ஜாலத்திரட்டு' மாதிரியான புத்தகங்கள் தொங்கியதைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். மகள் வாங்கியது அவற்றின் வழவழ அட்டை போட்ட அக்கா, தங்கைகள்தான். கடல்கட்டியின் மந்திரம் மட்டும் குடும்ப ரகசியம். அதைப் புத்தகமாகப் போட்டிருந்தால் தினம் படகுக்குப் பத்துச் சிப்பி யார் கொடுப்பார்கள்?

தூத்துக்குடி, 1890

இதுவரை சொன்னது மந்திரம் பலித்த கதை. பலிக்காத கதையும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சகுனங்கள், நம்பிக்கைகள் பற்றி 1912-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைச் சொல்கிறார்.

1890-ல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒருவரைச் சுறா கடித்துவிட்டது. மற்றவர்கள் பயந்துபோனார்கள். மந்திரம் தெரிந்த ஒரு பெண்மணியைக் கூட்டிவந்தார்கள். உடனே பயம் தெளிந்தது. மறுபடி இறங்கினார்கள். மறுபடியும் சுறா கடித்தது. ஒருவரோடு நிற்கவும் இல்லை. கடைசியில் குளிப்பையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அத்தனைக்கும் காற்று சாதகம், தண்ணீர் தெளிவு, படகுகள் ஏராளம், சிப்பிக்கும் நல்ல விலை.

இந்தச் சில வரிகளுக்குள் பெரிய பாடம் இருக்கிறது. சுறா வராதவரைக்கும் மந்திரம் நல்ல துணை. பயத்தைப் போக்கும், இறங்கவைக்கும். சுறா நிஜமாகவே வந்துவிட்டால், பயம் போனதே ஆபத்தாக முடியலாம்.

நிஜமாகக் காப்பாற்றியது எது?

முத்துக்குளிப்பவர் எப்படி இறங்குவார் என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். இடுப்பில் ஒரு துண்டு, கழுத்தில் ஒரு வலைப்பை. கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை வைத்துக்கொள்வார். கயிறு விட்டதும் கல் அவரைச் சில நொடிகளில் அடிக்குக் கொண்டுபோய்விடும். ஆழம் ஐந்து முதல் பத்துப் பாகம் இருக்கலாம். ஏறத்தாழ ஒரு நிமிஷம், அவ்வளவுதான் மூச்சு. அதற்குள் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை ஒரு வெட்டு வெட்ட வேண்டும். மேலே படகில் நிற்பவர் இழுப்பார்.

அந்த மேலே நிற்பவர்தான் முக்கியம். அவர் கண் கயிற்றிலேயே இருக்க வேண்டும். வெற்றிலை மெல்லும் கவனத்தில் கை தளர்ந்தால், கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால்தான் முத்துக்குளித்துறையில் ஒரு பேச்சு உண்டு: கயிற்றை மச்சானிடம்தான் கொடுக்க வேண்டும். மனைவியின் கூடப்பிறந்தவன் என்றால், தன் அக்கா தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விட மாட்டான்! மலையில் தேன் எடுப்பவர்களிடமும் இதே வழக்கம் உண்டு. 'மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம்' என்ற பழமொழிக்கு இப்படித்தான் விளக்கம் சொல்வார்கள்.

ஆக, கரையில் ஒருவர் மந்திரம் சொல்கிறார், படகில் ஒருவர் கயிறு பிடிக்கிறார். இறங்கும் தைரியம் முதலாமவரிடமிருந்து வரலாம். ஏறிவருவது இரண்டாமவர் கையில். மந்திரத்தை மாத்திரம் நம்பி, கயிறு இல்லாமல் ஒருவரும் குதித்ததில்லை. கடல்கட்டியை மனசார நம்பியவர்கூட மச்சானைப் படகில் ஏற்றிக்கொண்டுதான் போனார்.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்ததோடு அரசு முத்துக்குளிப்பு முடிந்துவிட்டது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது படகில் கம்ப்ரஸர் வைத்து, குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அதிலும் ஆபத்து கொஞ்சநஞ்சமில்லை. கயிறு குழாயாக மாறியிருக்கிறது, மேலே ஒருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் மாறவில்லை.

பழி யார் தலையில்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மந்திரம் பலித்தால் பேர் மந்திரக்காரருக்கு. பலிக்காவிட்டால் பழி யாருக்கு?

தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-ல் எழுதிய 'செம்மீன்' நாவலைச் சுந்தர ராமசாமி அருமையாகத் தமிழாக்கியிருக்கிறார். சினிமாவாகவும் 1965-ல் வந்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்தக் கதையின் உயிரே ஒரு கடல் நம்பிக்கைதான். கடலுக்குப் போன கணவன் பத்திரமாகத் திரும்புவது, கரையில் இருக்கும் மனைவியின் கற்பைப் பொறுத்தது. கடலம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்க அழகாக இருக்கும். அதற்குள் இருக்கும் கத்தியைப் பாருங்கள். புயல் வந்து படகு கவிழ்ந்தால், கணவனை இழந்த பெண்ணைப் பார்த்து ஊரே கேட்கும்: 'நீ என்ன தப்பு செய்தாய்?'

கயிறு அறுந்தால் கயிற்றைக் குறை சொல்லலாம், அடுத்த முறை நல்ல கயிறு வாங்கலாம். மந்திரம் அறுந்தால், 'உன் மனசு சுத்தமில்லை, உன் நம்பிக்கை போதாது' என்று ஆள் மேல்தான் வரும். ஏற்கெனவே 'நான் தோற்றுவிட்டேன்' என்று உள்ளுக்குள் குமுறும் ஒரு பெண்பிள்ளைக்கு, இன்னொரு தோல்வியையும் அவள் தலையிலேயே கட்டக்கூடிய விஷயம் இது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பயம் தந்தது மொட்டை மாடிக் கிண்ணம் இல்லை, இதுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி

படிக்க விடுங்கள். புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டால், அவள் அதையே போனில் படிப்பாள். கிண்ணம் வைக்க மொட்டை மாடி வேண்டாம், ஹாஸ்டல் ஜன்னல் போதும். உங்கள் கண்ணில் படும் இடத்தில் இருப்பதே நல்லது.

ஆனால் மூன்று இடங்களில் மட்டும் கண் வையுங்கள்.

ஒன்று, காசு. புத்தகத்துக்குக் கொடுக்கிற முந்நூறு, நானூறோடு நின்றால் சரி. 'தீட்சை தருகிறேன், உன் பேரில் கடல் பூஜை செய்கிறேன், ஜி-பேயில் அனுப்பு' என்று யாராவது வந்தால், அங்கே படகுக்குப் பத்துச் சிப்பி வசூல் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். தோப்பில் முஹம்மது மீரான் 1988-ல் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், ஊரின் நம்பிக்கையை மூலதனமாக்கிப் பிழைக்கும் ஒரு தங்ஙள் வருகிறார். மகளிடம் அந்த நாவலைக் கொடுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது நன்றாகப் பேசும்.

இரண்டு, ரகசியம். 'வீட்டில் சொல்லாதே, சொன்னால் பலிக்காது' என்று எந்தப் புத்தகமோ, எந்த மனிதரோ சொன்னால், அது கயிறு பிடிப்பவரைப் படகிலிருந்து இறக்கிவிடும் வேலை. அதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

மூன்று, பழி. 'நான் சரியாகச் செய்யலை, அதனாலதான் நடக்கலை' என்று அவள் சொல்ல ஆரம்பித்தால், புத்தகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சீட் கிடைக்காததைப் பற்றிப் பேசுங்கள். 'நீ தோற்கலைம்மா' என்று நீங்களும் அவங்க அப்பாவும் வாய்விட்டு இதுவரை சொல்லியிருக்கிறீர்களா? சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், தயங்காமல் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச ஆலோசனை இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

கடலோடு வேலை செய்கிற புத்தகங்கள்

அவளுக்குக் கடல்தான் பிடிக்கிறதென்றால், கடலோடு வாழ்கிறவர்கள் எழுதியதையும் கொடுத்துப் பாருங்கள். ஜோ டி குரூஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு' 2004-ல் வந்தது. கடலில் தத்தளிப்பவர்களின் பயமும் பாசமும் அதில் இருக்கிறது. அவருடைய 'கொற்கை' 2013-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. தூத்துக்குடியின் ஒரு நூற்றாண்டே அதில் நடமாடுகிறது. சின்னதாக வேண்டுமென்றால் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. இரண்டு சாயங்காலத்தில் முடித்துவிடலாம், மனசிலிருந்து போகாது.

இவற்றைப் படித்தால் கடற்கரையின் நிஜ வித்தை என்னவென்று தெரியும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர். நீரோட்டத்துக்கு 'நீவாடு' என்று பெயர். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் மாதா கோயிலையும் பின்னால் இருக்கும் மலையையும் ஒன்றோடொன்று நேர்வைத்து, நடுக்கடலில் தான் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதற்குக் 'கணியம்' என்று பெயர். எந்த மேலைநாட்டு மந்திரப் புத்தகத்துக்கும் இது சளைத்ததில்லை. ஒரே வித்தியாசம், இதில் தப்பு செய்தால் கடலே உடனே திருத்தும்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூணு பேருமாகத் தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போய்வாருங்கள். அவள் அலையில் காலை நனைக்கட்டும். சிப்பி பொறுக்கட்டும். அவங்க அப்பா அறிவுரை சொல்லாமல் கூடவே நடக்கட்டும். அன்றைக்கு மட்டுமாவது!

கடைசியாக, நம் ஊருக்கே சொந்தமான கடல் மந்திரக் கதை ஒன்று. புதுமண்டபத்துக்குப் பக்கத்தில் எழுகடல் தெரு இருக்கிறதே, கடலே இல்லாத ஊரில் ஏன் அந்தப் பெயர்? திருவிளையாடல் புராணம் சொல்கிறது. மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை. மாமியாரின் ஆசைக்காகச் சொக்கநாதர் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்துவிட்டார். இதைவிடப் பெரிய கடல் மந்திரம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கடல் வந்து நின்ற பிறகும் காஞ்சனமாலையால் இறங்க முடியவில்லை. ஏன் தெரியுமா? கடலாடுகிறவள் தனியாக இறங்கக்கூடாது. கணவன் கையையோ, பிள்ளையின் கையையோ, அதுவும் இல்லாவிட்டால் ஒரு பசுங்கன்றின் வாலையாவது பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பது முறையாம். அதற்காக, இறந்துபோன மலயத்துவச பாண்டியனையே மேலுலகத்திலிருந்து அழைத்துவந்தார் சொக்கநாதர் என்று போகிறது அடுத்த படலம்.

ஏழு கடலை வரவழைத்தவருக்கே தெரிந்திருக்கிறது, பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்று. உங்கள் மகள் எந்தக் கடலில் வேண்டுமானாலும் இறங்கட்டும். கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்.